மாம்பிஞ்சு நுனி கறுக்கிறதா? சூளைப் புகை மட்டும்தானா என்று பாருங்கள்

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்குப் பெங்களூரா ரக மாந்தோப்பு. மேற்கே செங்கல் சூளை. பிஞ்சுகள் நுனியில் கறுக்கின்றன, இலையிலும் கரி படிந்த மாதிரி இருக்கிறது. மரமே பட்டுப்போகுமா?

பதில்: இலையில் இருப்பதும் காயில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இலைக் கருமையை நகத்தால் சுரண்டுங்கள். மெல்லிய தோலாக உரிந்து, அடியில் பிசுபிசுப்பு இருந்தால் அது கரும்பூஞ்சாணம். தத்துப்பூச்சியின் இனிப்புக் கழிவில் வளர்வது. சூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறியபின் 20 லிட்டராக்கி, மேகமூட்டமில்லாத நாளில் தெளியுங்கள். காய்ந்து பூஞ்சாணத்தோடு செதிலாக உதிரும். பூச்சியை விட்டுவைத்தால் மறுபடி படியும்.

காய் விஷயம் வேறு. சூளைப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு, எத்திலின் போன்ற வாயுக்கள் பட்டால், காம்புக்கு எதிர்முனை முதலில் வெளிறும், அப்புறம் பழுப்பாகிக் கறுத்து இறுகும். புள்ளிகள் காயில் அங்கங்கே குழி விழுந்து இருந்தால் அது ஆந்த்ரக்னோஸ் என்ற பூஞ்சாண நோய். போரான் பற்றாக்குறையிலும் காயின் அடிப்பாகம் கறுக்கும், ஆனால் தோப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் சூளை ஓரத்திலிருந்து வரிசைக்கு 20 காய் பார்த்து, எத்தனை கறுத்திருக்கிறது என்று எழுதிவையுங்கள். தள்ளிப் போகப்போக எண்ணிக்கை குறைந்தால் புகைதான்.

காய் நுனி கறுக்காமல் தடுக்க, போரான் உள்ள வெண்காரம் (போராக்ஸ்) லிட்டருக்கு 6 கிராம் தெளியுங்கள். பச்சைத் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. கொஞ்சம் வெந்நீரில் கரைத்து டேங்கில் ஊற்றுங்கள். பூக்குமுன், பூவில், பிஞ்சு பிடித்தபின் என மூன்று தடவை. அளவைக் கூட்டினால் இலை நுனி தீயும். கறுத்த காய் திரும்பாது, அடுத்ததைத்தான் காப்பாற்றலாம்.

இந்தப் புகையால் மட்டும் மாமரம் சாவது அபூர்வம். 1980களில் ஜெர்மனி, செக் எல்லைக் காடுகளிலும் அமிலக் காற்று மரங்களை நலிவாக்கியது. நலிந்த மரத்தில் பட்டைவண்டு ஏறியது. இங்கே அந்த வேலையைச் செய்வது தண்டுத் துளைப்பான். அடிமரத்தில் மரத்தூள் கொட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

2022 மத்திய அரசு அறிவிக்கையின்படி, சூளை பழத்தோட்டத்துக்கு 800 மீட்டராவது தள்ளி அமைய வேண்டும். தூரத்தை அளந்து, அந்த வரிசைக் கணக்கையும் தேதியிட்ட படங்களையும் சேர்த்து, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு நகல். காய் பறிக்குமுன் கொடுங்கள், ஆய்வுக்கு வருபவர் மரத்திலேயே பார்க்கட்டும்.