லியர் அரசனின் பொத்தான்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' எனக்குக் கல்லூரியில் பாடம். நோட்ஸ் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. 400 வருடப் பழைய மொழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கதையை மட்டும் எளிமையாக்கி நடித்தால் என்ன? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: எளிமையாக்கித்தான் பார்த்தார்களே! 1681-இல் நேஹம் டேட் என்ற கவிஞர் இந்த நாடகத்தைத் திருத்தி எழுதினார். விதூஷகனை நீக்கினார், லியரின் கடைசி மகள் கார்டீலியாவைச் சாகவிடாமல் எட்கர் என்ற இன்னொரு பாத்திரத்துக்குக் கல்யாணம் பேசி முடித்தார், லியரும் பிழைத்துக்கொண்டார். இங்கிலாந்து மேடைகளில் ஏறத்தாழ 150 வருடம் ஓடியது அந்த வடிவம்தான். 1838-இல் மக்ரீடி என்ற நடிகர் ஷேக்ஸ்பியரின் பிரதிக்கே திரும்பி, விதூஷகனையும் மறுபடி மேடையேற்றினார். இன்று லியர் என்றால் யாரும் டேட்டைத் தேடுவதில்லை.

சரி, விதூஷகனின் சிலேடைகளில் பாதி இன்று யாருக்கும் புரியாது. அவற்றை வெட்டட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடைசிக் காட்சியைப் பாருங்கள். முதல் காட்சியில் வரைபடத்தை விரித்து நாட்டைக் கூறுபோட்டவன், 'என்னிடம் யாருக்கு அன்பு அதிகம்' என்று மகள்களைப் போட்டிபோட வைத்தவன் லியர். அவன் இப்போது செத்துப்போன மகளைக் கையில் ஏந்தி வந்து, பக்கத்தில் நிற்பவரிடம் 'இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள்' என்று கேட்கிறான், நன்றியும் சொல்கிறான். இதற்கு எந்த நோட்ஸ் வேண்டும்? யாருடைய பொத்தான், அவனுடையதா மகளுடையதா என்பது பிரதியில் இல்லை. நடிகர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் புயல் காட்சியில் தொண்டை கிழியக் கத்தியதற்கு அப்புறம், இந்த ஒரு வரிக்கு வேண்டிய மெல்லிய குரலை மிச்சம் வைத்திருக்க வேண்டும். பெரிய பெரிய நடிகர்கள் வயதான காலத்தில் இந்த வேஷத்தைத் தேடிப் போவதும், பயப்படுவதும் இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

அந்தக் காலத்து நடிகர்களுக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது. தங்கள் வசனமும், அதற்கு முன்னால் அடுத்தவர் பேசி முடிக்கும் சில சொற்களும் மட்டும் எழுதித் தருவார்கள். மற்றதெல்லாம் மேடையில் காதால் கேட்டுப் பிடிக்க வேண்டியதுதான். நீங்களோ மௌனமாகக் கண்ணால் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று அடிக்குறிப்பைப் பார்த்திருக்கிறீர்கள். பின்னே எப்படி நகரும்?

நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு முதல் காட்சியை மட்டும் பாத்திரம் பிரித்து உரக்கப் படியுங்கள். தெரியாத சொல் வந்தால் நிற்காதீர்கள். முடிந்தால் ஒரு மேடைப் பதிவையும் பாருங்கள். நோட்ஸை அதற்குப் பிறகு திறக்கலாம்.