தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 60 பேர் வேலை செய்யும் தையல் ஆலை. யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று எப்படிக் கண்டறிவது?

ஏப்ரல் 30-க்குள் செட்டாவுக்கு (துறைவாரியாகத் தொழிற்பயிற்சியைக் கவனிக்கும் அரசு அமைப்பு, SETA) பயிற்சித் திட்டம் அனுப்ப வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். ரிஜெக்ட் பதிவேட்டை எடுத்து, கடைசி 3 மாதக் கணக்கைக் குறை வாரியாக, மெஷின் வாரியாக, ஆள் வாரியாகப் பிரியுங்கள்.

பிறகு தைப்பவரின் பக்கத்தில் நின்று, நிதானமாகத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். சரியாகத் தைத்தால் அவருக்கு வேலை தெரியும். பயிற்சிக்கு அனுப்புவது வீண் செலவு. தையல் விட்டுவிட்டு விழுந்தால் மழுங்கிய ஊசியோ, சரியாக மாட்டாத ஊசியோ, ஹூக் டைமிங்கோ (ஊசியும் நூலைப் பிடிக்கும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) காரணமாக இருக்கலாம். தையலோரம் சுருங்கினால் முதலில் நூல் டென்ஷனைப் பாருங்கள். யார் உட்கார்ந்தாலும் அதே மெஷினில் குறை வந்தால் மெக்கானிக் வேலை அது. பீஸ் கணக்கு போனஸால் அவசரப்படுகிறார்கள் என்றால் சம்பள முறையைத்தான் திருத்த வேண்டும். எந்த மெஷினுக்குப் போனாலும் ஒருவரிடம் அதே குறை தொடர்ந்தால், அங்கேதான் பயிற்சி தேவை.

அடுத்து ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே ஓவர்லாக், காலர், ஜிப், காஜா என்று வேலைகள். தெரியாது என்றால் 0, துணையோடு செய்வார் 1, தனியாகத் தரத்தோடு செய்வார் 2, பிறருக்குக் கற்றுத்தருவார் 3. சூப்பர்வைசர் ஒரு தாள், தரம் பார்ப்பவர் ஒரு தாள் என்று தனித்தனியாக நிரப்பட்டும். இருவர் எண்ணும் மாறுபடும் இடத்தில் மெஷினுக்கே போய்ப் பாருங்கள். 2 அல்லது 3 வாங்கியவர் ஒரே ஒருவர் மட்டும் இருக்கும் வேலையை முதலில் கவனியுங்கள். அவர் விடுப்பு எடுத்தால் அன்று லைன் நின்றுவிடும்.

ஆங்கிலப் படிவம் கொடுத்து "உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்" என்று கேட்பதை நான் ஏற்கமாட்டேன். ஜூலு பேசும் தொழிலாளிக்கு அது பாதி புரியும். புரிந்தாலும், தெரியாது என்று எழுதினால் வேலை போகுமோ என்ற பயம். ஜூலு தெரிந்த ஒருவரை வைத்து, "எந்த வேலை வந்தால் பக்கத்து ஆளைக் கேட்பீர்கள்?" என்று வாயால் கேளுங்கள். இந்த மதிப்பெண்ணை ஒழுங்கு நடவடிக்கைக்கு எடுக்கமாட்டோம் என்று முன்னாலேயே சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

சட்டப் பக்கம்: 50 பேரோ அதற்கு மேலோ இருப்பதால் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காரும் பயிற்சிக் குழு வேண்டும். ஆலையின் மொத்த ஆண்டுச் சம்பளம் 5 லட்சம் ராண்டைத் தாண்டினால் அதில் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு லெவியாக (கட்டாய வரி) கட்ட வேண்டும். எல்லோருக்குமான மாதச் சம்பளம் 6 லட்சம் ராண்ட் என்று வைத்தால் லெவி மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. பயிற்சித் திட்டமும், நடந்த பயிற்சி பற்றிய அறிக்கையும் செட்டாவின் ஒப்புதல் பெற்றால் அதில் 20 சதவீதம், அதாவது 14,400 ராண்ட் மானியமாகத் திரும்பும். நடந்த பயிற்சிக்கெல்லாம் கையெழுத்திட்ட வருகைத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். சரிபார்க்க வந்தால் கேட்பார்கள்.

இன்றைய ரிஜெக்ட் எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி வையுங்கள். பயிற்சி முடிந்த 3 மாதத்தில் அதே குறையை, அதே ஆளிடம், மறுபடி எண்ணிப் பார்க்க அது வேண்டும்.