ஃபூஜி மலைச் சுருள்: முத்திரையை நம்பி வாங்கலாமா?

கேள்வி: இணைய ஏலம் ஒன்றில், 19ஆம் நூற்றாண்டில் காகிதத்தில் உருஷி என்ற ஜப்பானிய அரக்குப் பூச்சால் வரைந்த ஃபூஜி மலைச் சுருள் ஓவியம் வந்திருக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஷிபாதா செஷினின் முத்திரை உண்டு. வெள்ளைப் பனியும் நீல வானமும் பளபளக்கின்றன. வாங்கலாமா?

பதில்: அந்த வெள்ளையும் நீலமும்தான் எனக்கு இடிக்கிறது. உருஷி என்பது ஒரு மரத்தின் பால். இறுகும்போது பழுப்பாகிவிடும். அதில் எந்த வெள்ளையைக் கலந்தாலும் பால் விட்ட தேநீர் நிறம்தான் கிடைக்கும். நீலமும் மங்கிப்போகும். அதனால் அந்தக் கால உருஷி ஓவியர்களிடம் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சில நிறங்களே இருந்தன. அந்த இருண்ட நிறங்களை வைத்தே மலையையும் அலையையும் காட்டியதுதான் அவர்களுடைய திறமை. பனியும் வானமும் சாதாரண வண்ணத்தில் தீட்டியவை என்று விற்பவர் சொன்னால், அவை ஏன் மின்னுகின்றன என்று கேளுங்கள்.

செஷின் (1807–1891) உருஷி வேலை, தூரிகை ஓவியம் இரண்டையும் முறையாகக் கற்றவர். 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் அவருடைய ஃபூஜி மலைப் பலகை பரிசு பெற்றது. சுருட்டினாலும் எளிதில் வெடிக்காதபடி காகிதத்தில் உருஷியைப் பூசியது அவருடைய பெரிய சாதனை. பெயர் பெரிது என்பதால் போலிகளும் அதிகம். முத்திரையைப் போலியாகக் குத்துவது சுலபம், அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த படங்களைக் கேளுங்கள். உருஷிக் கோடு காகிதத்துக்கு மேல் சற்றுப் புடைத்து நிற்கும். அச்சுப் பிரதி என்றால் தட்டையாக இருக்கும். சுருளின் பின்புறப் படமும் வேண்டும். ஓவியர் கையெழுத்திட்ட மரப்பெட்டி உண்டா, இதற்கு முன் யாரிடம் இருந்தது, போலி என்று தெரிந்தால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சரி, உண்மையான உருஷி ஓவியம் ஒன்று பிறகு கிடைத்தால், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். புற ஊதாக் கதிர் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். ஏசியால் காற்று மிகவும் வறண்டுபோகும் அறையும் ஆகாது, பூச்சில் விரிசல் விழலாம். ஜப்பானிலும் சுருளை ஆண்டு முழுவதும் தொங்க விடுவதில்லை, பருவத்துக்கு ஏற்ப மாட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.