மூச்சை இழுக்காதீர்கள்

வணக்கம் ஐயா,

கொஞ்ச காலமாகவே எனக்குப் பதற்றம். இரவில் படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது. ஒரு செயலியைப் பார்த்து, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஏழு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி விடுகிறேன். வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பஸ்திரிகாவும் செய்து பார்த்தேன். இரண்டிலும் படபடப்பு கூடுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. இதில்கூடத் தோற்றுவிட்டேன். நான் எந்தப் பயிற்சியைச் செய்வது? காலையிலா, இரவிலா? இடது நாசியா, வலதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

காலையோ இரவோ, உங்கள் வசதி. நாசி, எது அடைக்காமல் இருக்கிறதோ அது. ‘தோற்றுவிட்டேன்’ என்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எரிச்சல் வந்தது. மூச்சு விடுவதில் என்ன பாஸ், ஃபெயில்?

பதறுகிற ஆளைக் கண்டால் சுற்றி நிற்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: “நல்லா மூச்சை இழுத்து விடு.” இந்த அறிவுரை மேல் எனக்கு வெகுநாள் கோபம். அந்த ஆள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறார். ஆரோக்கியமானவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இன்னும் இழுத்து என்னத்தை ஏற்றப் போகிறோம்? கார்பன் டை ஆக்சைடு குறைவதுதான் மிச்சம். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரலும் உதட்டோரமும் மரக்கும். உடனே மனம் மிரண்டு இன்னும் வேகமாக இழுக்கும். பஸ்திரிகாவும் கபாலபாதியும் உடலை முடுக்கிவிடுகிற பயிற்சிகள். முடுக்கிவிட்ட உடலோடு படுக்கப் போகிறவருக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஒருமுறை மருத்துவமனையில் காத்திருந்தபோது எனக்கே இப்படி ஆனது. ஆளாளுக்கு “இழு, இழு” என்றார்கள். இழுக்க இழுக்க விரல்கள் கோணிக்கொண்டன. வயதான செவிலியர் ஒருவர் வந்து கூட்டத்தை விலக்கினார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டி, “இதைச் சத்தமா படிங்க” என்றார். பார்வையாளர் நேரம், கைபேசியை அணைத்து வைக்கவும், நோயாளிகளின் படுக்கையில் அமராதீர்கள். நடுங்கும் குரலில் படித்தேன். “இன்னொரு தரம்” என்றார். மறுபடி படித்து முடிப்பதற்குள் விரல்கள் நிமிர்ந்துவிட்டன. மூச்சு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

வாய்விட்டுப் படிக்கும்போது வெளிமூச்சு தானாக நீளும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றே தணிக்கும். திருமூலர் கணக்கிலும் பூரகம், அதாவது இழுப்பது 16, ரேசகம், அதாவது விடுவது 32. இழுப்பதைப் போல இரண்டு மடங்கு விடுவது. நடுவில் மூச்சை நிறுத்தும் கும்பகத்துக்கு 64 வைத்திருக்கிறாரே என்று கேட்பீர்கள். அது யோகிகளுக்கு; பதற்றத்தில் இருக்கும் நமக்கு இல்லை. உங்கள் செயலியின் ஏழும் அப்படித்தான். மூச்சை அடைத்து வைப்பதையே சிலருடைய உடல் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே நிறுத்துவதை விடுங்கள். மூக்கு வழியாகச் சாதாரணமாக, நெஞ்சை நிமிர்த்தாமல் கொஞ்சம் இழுங்கள். மெதுவாக, ‘ம்ம்’ என்று முனகியபடி விடுங்கள். கண்ணை மூட வேண்டியதில்லை. மூச்சைக் கவனிப்பதே பயம் தருகிறதா? அதையும் விட்டுவிட்டு எதையாவது சத்தமாக வாசியுங்கள், பாடுங்கள், நடங்கள்.

அப்புறம், இந்தப் படபடப்பை மருத்துவரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இப்படிப் படபடக்கும். முதலில் போய்க் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.