விக்டோரியன் இலக்கியம் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. எழுத்தாளர்களையும் கலைச்சொற்களையும் எப்படி நினைவில் வைப்பது?

கேள்வியில் பெயர் இல்லை. ஆனால் "தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு எம்.ஏ. இங்கிலீஷ் சேர்ந்திருக்கிறேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். நானும் அதே வழியாக வந்தவள். இப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இதே பேப்பரை, அதாவது விக்டோரியா ராணி காலத்து ஆங்கில இலக்கியத்தை, நடத்துகிறேன்.

உங்கள் கையில் ஒரு கைடு இருக்கும். நாவலாசிரியர் டிக்கன்ஸுக்கு இரண்டு பக்கம், கவிஞர் டென்னிசனுக்கு ஒன்றரைப் பக்கம், கடைசியில் 'லிட்டரரி டெர்ம்ஸ்' என்று ஒரு பட்டியல். டிராமாட்டிக் மோனோலாக் இரண்டு வரி, பில்டுங்ஸ்ரோமான் இரண்டு வரி. ராத்திரி உருப்போட்டால் காலையில் காணாமல் போய்விடும். போகத்தான் செய்யும். கல்யாணத்துக்கே போகாமல் மொய் நோட்டை மனப்பாடம் செய்கிற மாதிரியான வேலை இது.

டெர்ம்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஒரு கவிதையையும் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தையும் எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஏன் என்று தெரிய வேண்டுமானால் தொடர்ந்து படியுங்கள், நீளமாகத்தான் போகும்.

போன வருஷம் இரண்டாம் ஆண்டு பி.ஏ. வகுப்பில் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதையை எடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். 'ராபர்ட் பிரௌனிங் 1812-இல் பிறந்தார்' என்று தொடங்குவதுதான் வழக்கம். அன்றைக்கு அதை விட்டுவிட்டேன். பெரிய இடத்து மனுஷர் ஒருவர், ஒரு டியூக் (பிரபு), வீட்டுக்கு வந்தவருக்குச் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுகிறார். படத்துக்கு முன்னால் ஒரு திரை. அவரைத் தவிர வேறு யாரும் அதை விலக்கக் கூடாது. படத்தில் இருப்பது அவருடைய முந்தைய மனைவி. இதை மட்டும் சொல்லிவிட்டு 56 வரியையும் மெதுவாக வாசித்தேன், அங்கங்கே நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே.

அந்தப் பெண் செய்த குற்றம், எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. சூரியன் மறைவதைப் பார்த்தால் சந்தோஷம். யாரோ ஒருவன் தோட்டத்திலிருந்து செர்ரிக் கிளையை ஒடித்துக் கொடுத்தால் சந்தோஷம். வெள்ளைக் கோவேறு கழுதையில் ஏறிச் சுற்றி வந்தால் அதற்கும் சந்தோஷம். தொள்ளாயிரம் வருஷத்துக் குலப்பெயரைக் கொடுத்தேனே, அதையும் அந்தச் செர்ரியையும் ஒன்றாக வைத்துவிட்டாளே என்று டியூக்குக்கு எரிச்சல். இது எனக்குப் பிடிக்கவில்லை என்று அவளிடமே சொல்லியிருக்கலாம். சொல்வதென்றால் இறங்கிப் போக வேண்டுமாம், அவர் யாரிடமும் இறங்க மாட்டாராம். உத்தரவு போட்டார், சிரிப்பெல்லாம் ஒரேயடியாக நின்றது. கவிதையில் அவ்வளவுதான் இருக்கிறது. கொன்றார் என்ற சொல் எங்கேயும் கிடையாது.

இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்றே நமக்குத் தெரிய வருகிறது. டியூக்குக்கு அடுத்துப் பெண் கொடுக்கப்போகும் கவுண்ட்டின், அதாவது இன்னொரு பிரபுவின், தூதர் அவர். உங்கள் எஜமான் தாராள மனசுக்காரர், நான் நியாயமாகக் கேட்கிற வரதட்சணையை மறுக்கவா போகிறார், ஆனாலும் எனக்கு அவர் பெண்தான் முக்கியம் என்கிறார் டியூக். அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், கடைசி பெஞ்சிலிருந்து, "மேம், எங்க அக்காவைப் பாக்க வந்தவங்களும் இதேதான் சொன்னாங்க. எங்களுக்கு ஒண்ணும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்ங்கன்னு" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு பையன், "இவ்வளவு கேட்டும் அந்தத் தூதர் ஏன் மேம் ஒண்ணுமே பேசல?" என்றான்.

இந்தக் கேள்விக்கு அப்புறம்தான் 'டிராமாட்டிக் மோனோலாக்' என்று போர்டில் எழுதினேன். பேசுபவர் ஒருவர். அவர் கவிஞர் இல்லை, ஒரு பாத்திரம். எதிரே கேட்பவர் இருக்கிறார், ஆனால் அவர் குரல் நமக்குக் கேட்காது. பேசுபவர் தன்னைப் பெருமையாகக் காட்டிக்கொள்ளப் பேசப் பேச, மறைக்க நினைத்ததெல்லாம் வெளியே வந்து விழுகிறது. தூதர் என்ன செய்தார் என்பதை டியூக் வாயிலிருந்துதான் நாம் பிடிக்க வேண்டும். கடைசியில், வேண்டாம், சேர்ந்தே கீழே போவோம் என்கிறார் டியூக். அப்படியானால் தூதர் என்னவோ செய்திருக்கிறார். மரியாதைக்காகப் பின்னால் ஒதுங்கினாரா, தப்பித்தால் போதும் என்று முன்னால் நடந்தாரா? அந்தப் பையன் ஓடப் பார்த்தார் என்றே சாதித்தான். நானும் அவன் கட்சிதான். டியூக் அதைக் கண்டுகொள்ளாமல், கடல்குதிரையை அடக்கும் கடல் தெய்வம் நெப்டியூனின் வெண்கலச் சிலையைக் காட்டுகிறார். எதை அடக்குவதில் அவருக்கு ருசி என்று பிரௌனிங் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்று. வாசித்து முடித்த பிறகு, இதில் எதுகை மாதிரி ஏதாவது கேட்டதா என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. வரிக் கடைசிகளைப் போர்டில் எழுதினேன்: வால், கால், ஹேண்ட்ஸ், ஸ்டேண்ட்ஸ். முழுக் கவிதையும் ஈரடி ஈரடியாக ரைம் ஆகிறது. ஆனால் வாக்கியம் வரிக் கடைசியில் நிற்காமல் அடுத்த வரிக்குள் ஓடிவிடுவதால் காதுக்குப் பேச்சு மாதிரியே இருக்கிறது. ஈரடி ரைமான 'ஹீரோயிக் கப்லெட்', வரி தாண்டி ஓடும் 'என்ஜாம்ப்மென்ட்' இரண்டும் அந்த ஐந்து நிமிஷத்தில் முடிந்தன. கவிதை வந்தது 1842-இல். டியூக்குக்கு மாதிரியாக இருந்தவர் இத்தாலியின் ஃபெராராவை ஆண்ட இரண்டாம் அல்ஃபோன்ஸோ என்பார்கள். அவர் மனைவி லுக்ரேஸியா டி மெடிசி 1561-இல் இறந்தபோது வயது 16. இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு கவிதைக்கு ரெண்டு பீரியடா? போர்ஷன் எப்படி முடியும்?" என்று கேட்கத் தயாராக இருக்கும் சீனியர் பேராசிரியர்களுக்கு: முடித்தேன். வேகமாக ஓடித்தான் முடித்தேன், ஆனால் முடித்தேன்.

சரி, நாவலுக்கு வருவோம். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முதல் அத்தியாயத்தை எடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் பிப் என்ற சின்னப் பையன். அப்பா அம்மாவை அவன் பார்த்ததே இல்லை. கல்லறை எழுத்துகளின் வடிவத்தை வைத்து, அப்பா சதுரமாக, தடியாக, சுருட்டை முடியோடு இருந்திருப்பார் என்று முடிவு செய்கிறான். பக்கத்தில் செத்துப்போன ஐந்து தம்பி அண்ணன்களுக்கு ஐந்து குட்டிக் கற்கள். இந்தப் பையன் வளர்ந்து, பணக்காரனாக ஆசைப்பட்டு, தன்னை வளர்த்த கொல்லர் ஜோவைப் பார்த்துக் கூச்சப்பட்டு, பிறகு அந்தக் கூச்சத்துக்காகவே வெட்கப்படுகிற வரை கூடப் போனால் அதுதான் பில்டுங்ஸ்ரோமான், ஒருவர் வளர்ந்து பக்குவப்படும் கதை. ஷார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' 1847-இல் வந்தது, அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஊரில் அப்பா செய்யும் தொழிலைக் கல்லூரி நண்பர்களிடம் சொல்லத் தயங்கிய யாருக்கும் பிப்பைப் புரியவைக்க நான் தேவையில்லை.

இந்த நாவல்களெல்லாம் ஏன் இவ்வளவு நீளம் என்றும் கேட்டிருந்தீர்கள். டிக்கன்ஸுக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள், அதனால் இழுத்தார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். அவருக்குப் பணம் தவணைக் கணக்கில். பிக்விக் போன்ற மாதத் தொடர்களில் ஓர் இதழ் 32 பக்கம், இரண்டு படம், விலை ஒரு ஷில்லிங். கூட எழுதினால் இடமிருக்காது. 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836-இல் தொடங்கியபோது சில நூறு பிரதிகள்தான். சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் கதைக்குள் வந்த பிறகு ஏற ஆரம்பித்து, முடியும்போது 40,000-ஐத் தொட்டது. பாத்திரத்துக்குப் பாத்திரம் ஒரு பேச்சு வழக்கு, அடிக்கடி சொல்லும் ஒரு வாசகம் என்று அவர் ஏன் மாட்டிவிடுகிறார்? ஒரு மாதம் கழித்துப் படிப்பவருக்கு ஆளை ஞாபகம் வர வேண்டாமா? வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு காரணம் வாடகை நூலகம். மூன்று தொகுதி நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். சாதாரண ஆள் வாங்க முடியாது. லண்டனில் மூடி என்பவர் நடத்திய நூலகத்தில் வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா. அதற்கு ஒரு நேரத்தில் ஒரு தொகுதி கிடைக்கும். நாவல் மூன்றாக இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம், அவருக்கு லாபம். குடும்பப் பெண்கள் படிக்கக் கூடாது என்று அவர் நினைத்ததை வாங்க மாட்டார். அவர் வாங்காவிட்டால் பதிப்பாளருக்கு நஷ்டம். 'விக்டோரியன் ஒழுக்கம்' என்று கைடில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்களே, அதில் பாதி இப்படிக் கல்லாப்பெட்டி வழியாக வந்தது. பத்திரிகைகளும் சளைத்தவை இல்லை. தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலில், தண்ணீர் தேங்கிய பாதையில் பால்பண்ணைப் பெண்களை ஏஞ்சல் கிளேர் ஒவ்வொருத்தியாகக் கையில் தூக்கிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விடுவான். 1891-இல் பத்திரிகைத் தொடராக வந்தபோது அது ஆகாது என்று, தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவதாக மாற்ற வேண்டியிருந்தது. புத்தகமாகப் போட்டபோது ஹார்டி மறுபடியும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். 1894-இல் நூலகக்காரர்கள் மூன்று தொகுதி கட்டுப்படியாகாது என்று கைவிட்டதும் சில வருஷத்தில் அந்த வடிவமே செத்துப்போனது.

நூலகம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் கல்லூரியில் ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவல் இருக்கிறது, கண்ணாடி பீரோவுக்குள். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் தூசு தட்டுவார்கள். மாணவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், தொலைந்துபோகுமாம். எனக்கும் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் நான் 'பர்மனென்ட் ஸ்டாஃப்' இல்லை. மே மாதம் எங்களுக்குச் சம்பளமும் கிடையாது, வகுப்பு இல்லையாம். ஜூனில் நடத்த வேண்டியதை மேயில்தானே உட்கார்ந்து படிக்கிறோம், அதற்கு யார் கணக்குப் போடுவது? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். படிப்பவர்களில் ஒருவருக்காவது தெரியட்டும்.

கமெண்டில் ஒருவர் நிச்சயம் வருவார்: வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்து இலக்கியத்தை ஏன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள் என்று. ஆடவில்லை ஐயா. 1857 எழுச்சியின்போது, இந்தியர்களைப் பூண்டோடு அழித்துவிட வேண்டும் என்ற ரீதியில் டிக்கன்ஸ் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வகுப்பில் அதையும் சொல்கிறேன். 'ஜேன் அயர்'இல் மாடியில் பூட்டி வைக்கப்பட்ட, நாயகனின் மனைவி பெர்த்தா ஜமைக்காவிலிருந்து வந்தவள் என்பதையும், பாதிரியார் செயின்ட் ஜான் ரிவர்ஸ் மிஷனரியாக இந்தியாவுக்குக் கிளம்பும்போது ஜேனை ஹிந்துஸ்தானி படிக்க வைப்பதையும் சொல்கிறேன். தெரிந்துகொண்டுதான் படிக்கிறோம். படிக்காமல் திட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

கலைச்சொல் பட்டியலில் ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள், 'பேதட்டிக் ஃபேலஸி'. இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்லும் அழகு என்று கைடில் ஓர் அணி மாதிரி போட்டிருப்பார்கள். விமர்சகர் ரஸ்கின் 1856-இல் இதைச் சொன்னது குறையாகத்தான். கடல் நுரையைக் கொடூரமானது, ஊர்ந்து வருவது என்று எழுத்தாளர் கிங்ஸ்லி எழுதியதை எடுத்துக்கொண்டு, நுரை கொடூரமானதும் இல்லை, அது ஊர்வதும் இல்லை என்கிறார். துக்கத்தில் புத்தி தடுமாறியவன் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது, அதைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் முதல்தரக் கவிஞன் அதற்கு இடம் கொடுக்க மாட்டான் என்பது அவர் வாதம். முழுக்க ஏற்க வேண்டியதில்லை. எதிர்த்து எழுதினால்கூட நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

ஜார்ஜ் எலியட்டை முதல் செமஸ்டரில் தொடாதீர்கள். 'மிடில்மார்ச்' விக்டோரியன் நாவல்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது, அதனால்தான் சொல்கிறேன். அவசரத்தில் படித்தால் வெறுத்துவிடுவீர்கள். விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டென்னிசனின் 'இன் மெமோரியம்' முழுவதும் வேண்டாம். நண்பன் ஹாலம் 1833-இல் இறந்தான், கவிதை 1850-இல் வந்தது, இடையில் பதினேழு வருஷம் என்பதை மனதில் வைத்து 54, 55, 56-ஆம் பகுதிகளைப் படித்தால் போதும். டார்வினின் புத்தகம் வந்தது 1859-இல். அதற்கு முன்பே, நிலவியல் (பாறை, மண் அடுக்குகள் பற்றிய படிப்பு) படித்த ஒரு மனுஷருக்குக் கடவுள் மேல் எப்படிச் சந்தேகம் வந்தது என்று அங்கே தெரியும்.

நான் சொன்ன எல்லாமே புராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. போனிலேயே படிக்கலாம். நெட் (விரிவுரையாளர் தகுதி) தேர்வுக்கு, எந்த நூல் எந்த வருஷம் வந்தது என்ற பட்டியல் தனியாக வேண்டும் என்றால் கமெண்டில் கேளுங்கள். என் நோட்டில் இருப்பதை ஞாயிற்றுக்கிழமை டைப் செய்து போடுகிறேன்.