மடிக் கம்பியா, தோள் கவசமா? ரொலர் கோஸ்டர் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்த நான், வளைகுடா நாடொன்றின் கேளிக்கைப் பூங்காவில் ஒன்பது ஆண்டுகள் ரொலர் கோஸ்டர் பராமரிப்புப் பொறியியலாளராக வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். களியாட்டத் திடல்கள் அமைக்கப்படும் ஏப்ரல் வசந்த காலம் நெருங்குவதால் எங்கள் வாசகர் வட்டத்தின் நண்பர்கள் பலர் இந்த இயந்திரங்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தனர். பயணியைப் பிடித்துவைக்க மடிமேல் இறங்கும் கம்பி நல்லதா, தலைக்கு மேலிருந்து இரு தோள்களின் மீதும் இறங்கும் கவசம் நல்லதா என்ற விவாதமும் அவற்றில் இருந்தது. அவற்றுக்கான பதில்களைக் கீழே தருகிறேன்.

காணொளியொன்றில் பார்த்த ரொலர் கோஸ்டரில் பயணிகளின் மடிக்கு மேல் ஒரு கம்பி மட்டுமே இருந்தது. வண்டி தலைகீழாகும்போது அவர்கள் எப்படி விழாமல் இருக்கிறார்கள்? (ஆசிரியை, ஹட்டன்)

சிறு வயதில் நாங்கள் தேத்தண்ணீர்த் தூக்குவாளியை முழு வட்டமாகச் சுழற்றி விளையாடியிருக்கிறோம், டீச்சர். வேகம் குறையாதவரை ஒரு சொட்டும் சிந்தாது. வளையத்தில் ஓடும் வண்டியிலும் அதுவே நடக்கிறது: தண்டவாளம் வண்டியை உள்நோக்கி வளைத்துக்கொண்டே இருப்பதால், உச்சியில்கூட இருக்கையானது பயணியின் உடலை அழுத்திக்கொண்டிருக்கும், கம்பிக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

தொடக்க காலத்தில் சிக்கல் வளையத்தின் வடிவத்தில் இருந்தது. 1895இல் நியூயோர்க்கின் கோனித் தீவில் கட்டப்பட்ட ஃபிளிப் ஃபிளாப் என்னும் வண்டிப் பாதை ஏறத்தாழ முழு வட்டமாக அமைந்திருந்ததால், கழுத்து வலியோடு இறங்கியவர்கள் பலர். உராய்வைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், முழு வட்டத்தின் உச்சியை மட்டுமட்டாகக் கடக்கும் வண்டியில் இருப்பவர், அதன் அடியில் தன் எடையைப் போல் ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 1976இல் கலிஃபோர்னியாவின் மெஜிக் மவுண்டன் பூங்காவில் திறக்கப்பட்ட ரெவல்யூஷன் என்னும் ரொலர் கோஸ்டருக்காக ஜெர்மனியரான அன்ரன் ஷ்வார்ஸ்கொப்பும் வேர்னர் ஸ்டெங்கலும் கண்ணீர்த் துளி போன்ற வளையத்தை அமைத்தார்கள். அடியில் வளைவு அகலமாகவும் உச்சியில் இறுக்கமாகவும் இருப்பதால் அழுத்தம் படிப்படியாக ஏறி இறங்குகிறது. அந்த வண்டி மடிக் கம்பியோடுதான் ஓடத் தொடங்கியது.

பயணியை உண்மையில் இருக்கையிலிருந்து தூக்குவது வளையத்தைவிட மேட்டின் முகடுதான். வண்டி முகட்டைத் தாண்டிக் கீழே வளையும்போது உடல் நேராகப் போகப் பார்க்கும். அந்த ஒரு செக்கனில் பயணியைப் பிடித்துவைப்பது கம்பி மட்டுமே.

கம்பியோடு தோள் கவசமும் சேர்ந்தால் இரட்டைப் பாதுகாப்புத்தானே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? (கடை உரிமையாளர், தலவாக்கலை)

பார்வைக்கு அப்படித்தான் தோன்றும், ஐயா. நானும் வேலையில் சேர்ந்த முதல் வருடம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் மனித உடலை உறுதியாகப் பிடிக்கத் தகுந்த இடம் இடுப்பெலும்பும் தொடையின் மேற்பகுதியும். அவற்றை இறுக்கிப் பிடித்துவிட்டால் உடல் எங்கும் போகாது. தோள் அப்படிப்பட்டதன்று, அது மேலும் கீழும் அசையும், குறுகும், சரியும். தோளை மட்டும் நம்பிய கவசத்துக்கும் உடலுக்கும் இடையில் இடைவெளி விழுந்தால், இடுப்பு முன்னே வழுக்கி, முழு உடலும் கவசத்தின் அடியால் நழுவ வழி பிறக்கும்.

அடுத்தது தலை. வண்டி பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது, காதின் இரு புறமும் நிற்கும் கடினமான கவசத்தில் தலை மாறி மாறி மோதும். எங்கள் பூங்காவில் பழைய வண்டியொன்றின் கவச உறையை மாற்றும்போது, காது உயரத்தில் மட்டும் ரப்பர் பளபளவென்று தேய்ந்து, மற்ற இடமெல்லாம் புதிதாக இருந்ததைப் பார்த்தேன். அந்தத் தேய்வு முழுவதும் மனிதத் தலைகள் பட்டு வந்தது. காதணியைக் கழற்றிவிட்டு ஏறும்படி பயணிகளிடம் நாங்கள் சொல்லிவந்ததற்கும் அதுவே காரணம்.

ரெவல்யூஷனின் வரலாறே இந்த விவாதத்தை எடுத்துக்காட்டும். மடிக் கம்பியோடு நலமாக ஓடிய அதற்கு 1992இல் தோள் கவசம் பூட்டினார்கள். பயணிகள் தலை மோதுவதாக ஆண்டுக்கணக்கில் குறை சொன்னார்கள். 2016இல் புதிய வண்டிகளோடு மீண்டும் மடிக் கம்பிக்கே திரும்பினார்கள். ஒஹாயோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவிலுள்ள ஃபிளைட் ஒஃப் ஃபியர் 1996இல் தோள் கவசத்தோடு திறக்கப்பட்டு, 2001இல் மடிக் கம்பிக்கு மாறியது. அது நான்கு முறை தலைகீழாகும் வண்டி.

ஆயினும் தோள் கவசத்தை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். தண்டவாளத்துக்குக் கீழே கால்கள் தொங்கச் செல்லும் வண்டிகளிலும், பயணி தலைகீழாக மெதுவாகத் தொங்கும் கட்டங்களிலும், மேலுடலுக்குத் தாங்கல் தேவைப்படுகிறது. அங்கும் கவசத்தின் அடிப்பகுதி வயிற்றுக்கும் தொடைக்கும் ஒட்டி உட்காருவதோடு, கவசத்தை இருக்கையோடு இணைக்கும் பெல்ட் ஒன்றும் இருக்க வேண்டும். இப்போது சில தயாரிப்பாளர்கள் மடிக் கம்பியோடு மென்மையான மேலங்கி போன்ற பட்டைகளைப் பொருத்துகிறார்கள். இடுப்பைக் கம்பி பிடிக்க, மேலுடலைப் பட்டை தாங்குகிறது. இந்த வேலைப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்தது.

அண்ணே, அந்தக் கம்பி எப்படிப் பூட்டுகிறது? கரண்ட் போனால் திறந்துவிடாதா? (மோட்டார் வாகனத் திருத்துநர், மஸ்கெலியா)

திறக்காது தம்பி. மின்சாரமோ காற்றழுத்தமோ தேவைப்படுவது திறப்பதற்குத்தான். பூட்டி வைத்திருப்பது வில். பழைய முறையில் பல்வரிசையொன்றில் ஒரு நாக்கு விழுந்து விழுந்து ஏறும். கம்பியை இறக்கும்போது கேட்கும் டக், டக் என்ற ஓசை அதுதான். உடலின் அளவு இரண்டு பற்களுக்கு நடுவில் அமைந்தால் சிறிது தளர்வு மிஞ்சும். எண்ணெய் உருளை முறையில் கம்பி எந்த உயரத்திலும் நிற்கும். கீழே இறங்க எண்ணெயை விடும் வால்வு, மேலே ஏற விடாது. ஒரு கம்பிக்கு இரண்டு உருளைகள் வைப்பார்கள். ஒன்று கசிந்தாலும் மற்றது தாங்கும்.

அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப் 2291 என்னும் தரநிலை, பயணியின் உடலில் விழும் விசைகளின் அளவைக் கொண்டு, கம்பி, கவசம் போன்ற தடுப்புகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குத் தடுப்பே கட்டாயமில்லை. ஐந்தாம் வகுப்பில் பூட்டு இரட்டையாக இருக்க வேண்டும், தானாகப் பூட்ட வேண்டும், பயணியால் திறக்க முடியாததாகவும் இருக்க வேண்டும்.

என் மகனுக்குப் பத்து வயது. வயதைக் கேட்காமல் உயரத்தை ஏன் அளக்கிறார்கள், தம்பி? (தாயார், பண்டாரவளை)

கம்பிக்கு வயது தெரியாது அக்கா, உடலின் அளவுதான் தெரியும். உயரம் குறைந்த பிள்ளைக்கு இடுப்பும் தொடையும் சிறியவை. கம்பி கடைசிவரை இறங்கினாலும் இடைவெளி மிஞ்சும். உயரத்தை அளக்கும் மட்டப் பலகையை எட்டாத பிள்ளையைக் குதிகாலை உயர்த்தி நிற்கச் சொல்லும் பெற்றோரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விபத்துகளில் தவறுவது கம்பியா, கவசமா? (ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர், கொட்டகலை)

மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன், ஐயா. 2011 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், போரில் இரு கால்களையும் இழந்த ஒருவரை மடிக் கம்பி வண்டியில் ஏற்றினார்கள். அவர் தூக்கியெறியப்பட்டு இறந்தார். அந்தக் கம்பி கால்களைப் பிடித்தே வேலை செய்வது. கால்கள் இல்லாதவர் ஏறக்கூடாது என்ற விதியும் அங்கே இருந்தது. 2013 ஜூலையில் டெக்சாஸ் ஜயண்ட் வண்டியிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்த பின், அதன் மடிக் கம்பியோடு சீட் பெல்ட்டும் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில், பயணிகளை மேலே ஏற்றிச் செங்குத்தாக விழவிடும் 430 அடி உயர வீழ்கோபுரத்தில் நடந்தது. அங்கே இருந்தது தோள் கவசம். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அதன் அடியால் நழுவி விழுந்தான். அவன் இருந்த இருக்கையில், கவசம் போதிய அளவு இறங்கியிருக்கிறதா என்று காட்டும் உணரி கையால் மாற்றியமைக்கப்பட்டிருந்ததும், அதனால் வழக்கத்தைவிட அதிக இடைவெளியோடும் பயணத்துக்கு அனுமதி கிடைத்ததும் விசாரணையில் தெரியவந்தன. கவசத்தையும் இருக்கையையும் இணைக்கும் பெல்ட் அதில் இல்லை. அந்தச் செய்தியை வாசித்த நாள் முழுவதும் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. ஓர் எளிய பெல்ட் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன்.

ஆகவே ஐயா, கம்பியிலும் ஆபத்து நேர்ந்திருக்கிறது, கவசத்திலும் நேர்ந்திருக்கிறது. ஏறியவரின் உடலுக்கு அந்தத் தடுப்பு பொருந்தியதா என்று யார், எப்படிப் பார்த்தார்கள் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

ஒரே பாதையில் பல வண்டிகள் ஓடும்போது மோதாமல் இருப்பது எப்படி? (ஓய்வுபெற்ற நிலைய அதிபர், பதுளை)

உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, சேர். நானுஓயாவுக்கு அப்பால் ஒற்றைப் பாதையில், நிலைய அதிபர் தரும் அனுமதி வளையம் கைக்கு வராமல் புகையிரதச் சாரதி நகர மாட்டார் அல்லவா? ரொலர் கோஸ்டரிலும் பாதை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு துண்டில் ஒரு வண்டி மட்டுமே அனுமதிக்கப்படுகிறது; அந்த அனுமதி வளையத்தின் வேலையை உணரிகளும் கணினியும் செய்கின்றன. 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஓல்டன் டவர்ஸ் பூங்காவில் கணினி வண்டியை நிறுத்தியும், ஊழியர்கள் அந்தத் தடையை மீறி அனுப்பியதாலேயே அது பாதையில் நின்ற வெற்று வண்டியில் மோதியது.

நமது மலைகளில் ஒரு ரொலர் கோஸ்டர் கட்ட முடியுமா? (மாணவன், நுவரெலியா)

சரிவைப் பயன்படுத்திக் கட்டுவது செலவைக் குறைக்கும். ஆனால் மண்சரிவு அபாயம் உள்ள நிலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு இல்லாமல் ஒரு தூணையும் நிறுத்தக்கூடாது. குளிர் காலையில் மசகு இறுகி வண்டி மெதுவாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது, ஐரோப்பிய மலைகளில் ஓடும் சிறு சறுக்கு வண்டிகள்: மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகம், சீட் பெல்ட், பயணியின் கையிலேயே பிரேக்.

ஏப்ரல் களியாட்டத் திடலில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? (தந்தை, ராகலை)

இருக்கையில் உட்கார்ந்ததும் கம்பியை நீங்களே மேலே தள்ளிப் பாருங்கள், அசைந்தால் இறங்கிவிடுங்கள். ஊழியர் ஒவ்வோர் இருக்கையாக வந்து கையால் இழுத்துப் பார்க்கிறாரா, தூரத்தில் நின்று கையசைத்துவிட்டு இயந்திரத்தை ஓட விடுகிறாரா என்று முதல் இரண்டு சுற்றுகளைக் கவனியுங்கள். சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் கம்பியைத் தாங்குவது ஓர் இரும்பு ஊசி. அந்த ஊசி கழன்று விழாமல் அதன் நுனித் துளையில் ஒரு கொக்கி மாட்டியிருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு திடலில், என் மகள் ஆசைப்பட்ட இருக்கையின் ஊசித் துளையில் கொக்கிக்குப் பதிலாகத் துருப்பிடித்த கட்டுக்கம்பி முறுக்கப்பட்டிருந்தது. பொறுப்பாளரிடம் காட்டினேன். இரண்டு நாளாக அப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார். மகள் அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.