பாதாம் மாவில் கடலை வந்தது எப்படி?

என் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது, பாதாம் ஒன்றும் செய்யாது. சில்லறையாகப் பாதாம் மாவு வாங்கி வீட்டில் கேக் செய்தேன். ஒரு துண்டு தின்றதும் உதடு வீங்கிவிட்டது. – வாசகி, லாஸ்பேட்டை

உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. பாதாம் மாவில் கடலையை அரைத்துக் கலப்பது பழைய மோசடி. பார்த்தால் தெரியாது. கலக்காவிட்டாலும், கடலை அரைத்த மெஷினில் பாதாமைப் போட்டாலே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆபத்து. எனக்கே ஒரு கடையில் பச்சைச் சாயம் ஏற்றிய கடலைச் சீவலைப் பிஸ்தா என்று விற்றார்கள். தண்ணீரில் போட்டதும் சாயம் இறங்கியது. அதிலிருந்து பொடித்ததும் சீவியதும் நான் வாங்குவதில்லை.

2020 லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, சோயா, கோதுமை, மீன் இருந்தால் அதைத் தனியாக எழுத வேண்டும். சில்லறையாகக் கட்டித் தரும் பொட்டலத்தில் படிக்க என்ன இருக்கிறது? லேபிளில் கடலை எச்சரிக்கை இல்லாத முழுப் பாதாம் வாங்கி வீட்டிலேயே அரையுங்கள், கடலைச் சட்னி அரைக்காத தனி ஜாரில். மீதி மாவைக் கொட்டிவிடாதீர்கள். அதையும் பில்லையும் வைத்து உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசுங்கள். இனி எப்போதாவது வீக்கத்தோடு மூச்சும் திணறினால் உடனே 108.

அதே ஒவ்வாமைதான். செக்குக் கடலை எண்ணெயில் கேக் போடலாமா? – நெல்லிக்குப்பம்

கூடாது. செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும்.

பச்சைப் புள்ளி போட்ட எக்லெஸ் கேக் மிக்ஸ். பால் ஒவ்வாமைக்குச் சரிதானே? – முத்தியால்பேட்டை

இல்லை. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. பால் சைவத்தில் சேர்த்தி.

பிறந்தநாள் கேக்கில் முந்திரி இருந்தது, மகள் தொடவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? ஆர்டரில் முந்திரி ஆகாது என்று சொல்லவில்லை. – மஞ்சக்குப்பம்

சொல்லாததை அவர் எப்படி அறிவார்? பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே விளைகிற ஊர் இது, கேக்கில் போடத்தான் செய்வார்கள். பிள்ளையின் உயிர் விஷயத்தை வாய் திறந்து சொல்ல என்ன தயக்கம்? அடுத்த முறை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதிலை அழிக்காதீர்கள். எழுதிக் கொடுத்தும் போட்டிருந்தால் அப்புறம் நானே உங்களோடு நிற்பேன்.

கடலை ஒவ்வாமை உள்ள பேரன் மாடித் தோட்டத்தில் கை வைத்ததும் தடித்துப் போனது. நர்சரியில் வாங்கிய மண் கலவை. – திருப்பாதிரிப்புலியூர்

அதில் கடலைப் புண்ணாக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எண்ணெய் பிழிந்த பிறகும் புரதம் அதிலேதான் இருக்கும், நம் பக்கம் உரமாகத் தாராளமாகப் போடுகிறார்கள். ஆமாம் என்றால் தொட்டி மண்ணை மாற்றுங்கள், பிரிக்காத மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். இனி கலவையே வேண்டாம். செம்மண், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் தனித்தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். பேரனை ஒவ்வாமை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.